ஒரே அறையில் இரண்டு டேட்டா லாகர்கள், இரண்டு ஈரப்பத அளவுகள்: எதை நம்புவது?

காகிதக்காப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பழைய பதிவேடுகளும் வரைபடங்களும் புகைப்பட அச்சுகளும் வைக்கப்பட்டுள்ள ஓர் ஆவண அறையைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தொடர்ந்து கண்காணிப்பதற்காக, சட்டைப் பையில் அடங்கும் அளவிலான, யூஎஸ்பி முனை கொண்ட டேட்டா லாகர்கள் (குறித்த இடைவெளியில் தானாக அளந்து பதிந்து வைக்கும் கருவிகள்) இரண்டை வாங்கியுள்ளோம். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகைக் கருவிகள். ஒன்றை அறையின் நடுவிலுள்ள அலமாரியிலும், மற்றொன்றைப் பின்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைத்திருக்கிறோம்.

பதிவுகளைக் கணினியில் இறக்கிப் பார்த்தபோது, நடு அலமாரியில் 24 டிகிரி செல்சியஸும் 60% ஈரப்பதமும், சுவரோர அலமாரியில் 21 டிகிரியும் 72% ஈரப்பதமும் காட்டின. நாள் முழுவதும் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய இதே இடைவெளியில் இணையாகவே செல்கின்றன. கருவியுடன் வந்த தாளில் ஈரப்பதத்தின் துல்லியம் ±3% என்றிருக்கும்போது, ஒரே அறைக்குள் 12% வேறுபாடு எப்படி வர முடியும்? இரண்டில் ஒன்று பழுதா? ஆம் எனில் எதை மாற்றுவது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. நிமிடத்திற்கு ஒரு பதிவு என அமைத்திருந்ததால் நினைவகம் விரைவில் நிரம்பி, பதிவு தானாக நின்றுவிட்டது. எவ்வளவு இடைவெளி போதுமானது என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அளவியல் மாணாக்கன்

நீங்கள் கொடுத்திருக்கும் நான்கு எண்களை வைத்துப் பார்த்தால், இரண்டு கருவிகளும் சரியாகவே அளக்கின்றன என்றுதான் நினைக்கிறேன். கருவி காட்டும் சதவீதம் ஒப்பு ஈரப்பதம். அதாவது, காற்றில் இப்போது இருக்கும் நீராவி, அதே வெப்பநிலையில் அந்தக் காற்று தெவிட்டும்போது, அதாவது அதற்குமேல் நீராவியை ஏற்க முடியாத நிலையில், இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு என்பது மட்டுமே. வெப்பநிலை மாறினால், நீராவியின் அளவு ஒரு துளியும் மாறாதபோதும், இந்தச் சதவீதம் மாறிவிடும்.

கணக்கிட்டுப் பாருங்கள். 24 டிகிரியில் நீரின் தெவிட்டுநிலை ஆவியழுத்தம் (தெவிட்டிய காற்றில் நீராவி தரும் அழுத்தம்) ஏறக்குறைய 29.8 ஹெக்டோபாஸ்கல், அதில் 60% என்றால் 17.9. சுவரோரத்தில் 21 டிகிரி. அங்கே தெவிட்டுநிலை அழுத்தம் 24.9; அதில் 72% என்றாலும் அதே 17.9 தான் வருகிறது. இரண்டு இடங்களிலும் பனிநிலை, அதாவது காற்று குளிரும்போது நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 15.8 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. ஆகவே, அறை முழுவதும் ஒரே காற்று, ஒரே நீராவிதான் உலவுகிறது. பின்சுவரோரம் மட்டும் 3 டிகிரி குளிர்ந்திருக்கிறது. கோடுகள் இணையாகச் செல்வதும் இதனால்தான்.

இதிலிருந்து, சுவரோரக் கருவி காட்டும் 72% வெறும் தோற்றம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். அங்கே இருக்கும் காகிதம் உணர்வது அந்த 72% தான். ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டி நீண்ட நாள் நிலைத்தால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு என்பதால், கருவியை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதைவிட, அந்தச் சுவர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதை முதலில் கண்டறிவது நல்லது.

பெரும்பாலான லாகர் மென்பொருள்களில் பனிநிலையையும் ஒரு கோடாக வரையும் வசதி இருக்கும். அதை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் வைத்த கருவிகளின் பனிநிலைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தால், வேறுபாட்டுக்குக் காரணம் வெப்பநிலை. அவை விலகி நின்றால், ஓரிடத்தில் நீர்க்கசிவு இருக்கிறது, அல்லது ஒரு கருவி தவறு செய்கிறது.

உப்புக்கரைசல்

மேலே நண்பர் போட்ட கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அது எண்கள் அழகாகப் பொருந்தியதால் கிடைத்த முடிவு. கருவிகளைச் சோதித்துக் கிடைத்த முடிவு அன்று. ±3% என்னும்போது, ஒன்று 3% கூடுதலாகவும் மற்றொன்று 3% குறைவாகவும் காட்டினாலும் இரண்டும் தத்தம் வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆக, குறையே இல்லாத இரண்டு கருவிகளுக்கு இடையில் 6% வேறுபாடு வரலாம். திரையில் 60.3 என்று ஒரு தசமம் வரை காட்டுவதால் அந்தத் தசமம் நம்பத்தக்கது என்று கொள்ளவும் கூடாது. பகுதிறன் (கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு) வேறு, துல்லியம் (உண்மை அளவுக்கு எவ்வளவு அருகில் காட்டுகிறது என்பது) வேறு.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. இரண்டு கருவிகளையும் மூடிய ஒரு பெட்டிக்குள் அருகருகே வைத்து, வெப்பநிலை மாறாத ஓரிடத்தில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். கடைசிச் சில மணி நேரப் பதிவுகளை ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே திசையில் தவறினால் இந்தச் சோதனையில் அது தெரியாது.

அதற்கு உப்புச் சோதனை இருக்கிறது. தெவிட்டிய உப்புக்கரைசலுக்கு மேலே அடைபட்ட காற்றின் ஒப்பு ஈரப்பதம், அந்தந்த உப்புக்கு உரிய நிலையான அளவில் நின்றுவிடும். சோடியம் குளோரைடுக்கு 25 டிகிரியில் அது 75.3%, மெக்னீசியம் குளோரைடுக்கு 32.8%. ஒரு சிறு கிண்ணத்தில் உப்பைப் போட்டு, ஈரமணலின் பதம் வரும்வரை மட்டும் சிறிது சிறிதாகக் காய்ச்சிவடித்த நீரைச் சேருங்கள்; கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேலே தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. கிண்ணத்தையும் லாகரையும் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கருவியின்மீது உப்பு எந்த வகையிலும் படக் கூடாது. ஈரப்பதத்தை உணரும் பாகமான உணரியின் படலத்தில் உப்பு ஒட்டிக்கொண்டால் அதன்பின் அந்தக் கருவியை ஈரப்பதத்திற்கு நம்ப முடியாது. பெட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவில் காற்று சமநிலைக்கு வரும். ஆயினும் பெட்டியை இரவு முழுவதும் திறக்காமல் விடுவதே பாதுகாப்பானது.

75.3 வர வேண்டிய இடத்தில் 78 வந்தால், உடனே எல்லாப் பதிவுகளிலிருந்தும் 2.7-ஐக் கழித்துவிட வேண்டாம். மெக்னீசியம் குளோரைடிலும் அதே அளவு கூடுதலாகக் காட்டினால்தான் அது நிலையான விலகல். கீழ்ப்புள்ளியில் சரியாகவும் மேற்புள்ளியில் கூடுதலாகவும் காட்டினால் சரிவே, அதாவது ஈரப்பதம் கூடக்கூடக் கருவியின் எண் ஏறும் விகிதமே, மாறியிருக்கிறது என்று பொருள். இந்தக் கருவிகளின் ஈரப்பத உணரி, நீராவியை உறிஞ்சும்போது மின்தேக்குதிறன் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மாறும் ஒரு மெல்லிய பாலிமர் படலம். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் அளவீடு சரியான அளவிலிருந்து விலகும், வண்ணப்பூச்சு போன்றவற்றின் கரைப்பான் ஆவி பட்டால் இன்னும் விரைவாக விலகும். ஆவண அறைக்குப் புதிதாக வண்ணம் பூசுகிறீர்கள் என்றால், அந்த வாசனை நீங்கும்வரை லாகர்களை வெளியே எடுத்து வையுங்கள். தணிக்கைக்குக் காட்ட வேண்டிய பதிவாக இருந்தால், இந்தச் சோதனை போதாது. ஐஎஸ்ஓ 17025 (சோதனை, அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரநிலை) தரச்சான்று பெற்ற ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழ் தேவைப்படும்.

குளிர்க்கிடங்கு

பதிவு இடைவெளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உணரி பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் லாகர், அசையாத காற்றில் ஒரு மாற்றத்தை முழுமையாக உணர 15 நிமிடங்களோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். நிமிடத்திற்கு ஒருமுறை பதிவதால் புதிதாக எந்தத் தகவலும் கிடைக்காது. நினைவகமும் மின்கலமும்தான் தீரும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய தடுப்பூசிகளை அனுப்பும்போது நாங்கள் 5 நிமிடத்திற்கு ஒரு பதிவு வைப்பது உண்டு. ஏனென்றால், கதவு திறந்திருந்த நேரம்கூட அங்கே கணக்கில் வரும். ஆவண அறைக்கு 15 அல்லது 30 நிமிடம் தாராளமாகப் போதும்.

15 நிமிடத்திற்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 96 பதிவுகள். 16,000 பதிவுகள் கொள்ளும் நினைவகம் 166 நாட்களுக்கு வரும். ஆனால் சில நிறுவனங்கள் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தனித்தனிப் பதிவாக எண்ணுகின்றன. அப்படியானால் 83 நாட்கள்தான். விளம்பரத் தாளில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கையேட்டில் பாருங்கள். நினைவகம் நிரம்பியதும் பதிவை நிறுத்துவதா, பழையதன்மேல் எழுதுவதா என்ற தேர்வும் அங்கேதான் இருக்கும். உங்களுடையது நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு அனுப்பும் பயணத்திற்கு அதுவே சரியான தேர்வு. நிலையான அறைக்கு மேலெழுதுவது நல்லது, குறித்த காலத்தில் தவறாமல் பதிவை இறக்குவதாக இருந்தால்.

கடிகாரத்தையும் மறக்க வேண்டாம். லாகரின் நேரம் அதை அமைத்த கணினியிலிருந்து வருகிறது. அந்தக் கணினியின் நேரம் பிசகியிருந்தால், எந்த மணிக்கு ஈரப்பதம் ஏறியது என்ற கேள்விக்குத் தவறான விடைதான் கிடைக்கும். இரண்டு லாகர்களையும் ஒரே கணினியில், ஒரே அமர்வில் அமைப்பது எளிய வழி.

காகிதக்காப்பு

விளக்கமாகப் பதிலளித்த மூவருக்கும் நன்றி. இரண்டு கருவிகளையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். ஈரப்பதத்தில் ஒன்றரை சதவீதத்திற்கும் குறைவான வேறுபாடே உள்ளது. உப்புச் சோதனைக்கும் பொருள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுவரைப் பற்றிய ஐயமும் தீர்ந்தது. அந்தச் சுவருக்கு மறுபுறம் கணினி சர்வர்கள் உள்ள அறை. அங்கே இரவும் பகலும் ஏசி ஓடுகிறது. எங்கள் ஆவண அறையில் ஏசி இல்லை. இனி ஓர் ஈரப்பத நீக்கியை வாங்குவதா, அலமாரியை நகர்த்துவதா என்று அலுவலகத்தில் விவாதம் நடக்கிறது. உங்கள் கருத்து என்ன?

அளவியல் மாணாக்கன்

முதலில் அலமாரியை நகர்த்துங்கள், இன்றே செய்யலாம். உங்கள் லாகர் அலமாரியின் காற்றைத்தான் 21 டிகிரி என்று அளக்கிறது, சுவரின் மேற்பரப்பு அதைவிடக் குளிர்ந்திருக்கும். அது 18 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே நீராவிக்குச் சுவரில் ஒப்பு ஈரப்பதம் 87% ஆகிவிடும். சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கோப்புக்கு 72% கூட ஆறுதல் இல்லை. மழைக்காலத்தில் அறைக் காற்றின் பனிநிலை 18 டிகிரியைத் தொட்டால் சுவரில் நீர் அரும்பவே தொடங்கும். சுவரின் வெப்பநிலையை அறிய, கம்பியில் நீளும் வெளி உணரி கொண்ட லாகர் கிடைத்தால், அதன் முனையைச் சுவரில் ஒட்டி, அறைக் காற்று நேரடியாகப் படாதபடி மேலே சிறிது நுரைப்பஞ்சு வைத்து மூடி அளக்கலாம்.

ஈரப்பத நீக்கி பயனற்றது என்று சொல்லவில்லை. 21 டிகிரி உள்ள மூலையில் 60% வேண்டுமென்றால், நடு அறையில் ஈரப்பதம் 50% வரை இறங்க வேண்டும். காகிதத்திற்கு அது நல்ல அளவுதான். ஆனால் அறையின் கதவு அடிக்கடி திறக்கும் என்றால் அதை எட்டுவதற்கு இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டியிருக்கும்.

அட்டைப்பெட்டி

ஒரு சிறு சேர்க்கை. இதுவரை பேசியது எல்லாம் அறைக் காற்றைப் பற்றி. ஆவணங்கள் மூடிய அட்டைப்பெட்டிகளில் இருந்தால், உள்ளே நடப்பது வேறு. காகிதமே நீரை உறிஞ்சி வைத்திருப்பதால், நெருக்கமாக நிரம்பிய பெட்டிக்குள் ஈரப்பதம் அறையைப் போல மணிக்கு மணி ஏறி இறங்காது. அது மட்டுமன்று, திறந்த காற்றில் வெப்பநிலை ஏறினால் ஒப்பு ஈரப்பதம் குறையும், ஆனால் காகிதம் நிறைந்த மூடிய பெட்டிக்குள் வெப்பநிலை ஏறும்போது காகிதம் நீராவியை வெளிவிடுவதால் அது சற்றே உயரக்கூடும். மூன்றாவது லாகர் ஒன்று வாங்கும் எண்ணம் இருந்தால், அதை அறையின் இன்னொரு மூலையில் வைப்பதைவிட, கோப்புகள் உள்ள ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். இதற்கு வைஃபை வகையும் தேவையில்லை, பெட்டியைத் திறக்காமல் பதிவைப் பெற ஒரு புளூடூத் லாகர் போதும். ஆனால் இரும்பு அலமாரியின் கதவு மூடியிருந்தால் சைகை வெளியே வராது.

குளிர்க்கிடங்கு

அலமாரியை நகர்த்தும்போது, சுவரோர லாகரையும் அதனுடன் சேர்த்து நகர்த்திவிட வேண்டாம். அது இருந்த இடத்திலேயே, அதே உயரத்தில் இருக்கட்டும். பழைய பதிவுடன் புதியதை ஒப்பிட அதுதான் வழி. நகர்த்திய அலமாரிக்கு நடு அறை லாகரைச் சில வாரங்கள் கடனாகக் கொடுங்கள். எந்தக் கருவி எந்த நாளிலிருந்து எங்கே இருந்தது என்பதைக் கருவியின் வரிசை எண்ணுடன் ஒரு ஏட்டில் எழுதி வைப்பது அவசியம். ஏனெனில், லாகருக்கு நேரம் தெரியும், தான் இருக்கும் இடம் தெரியாது.