நினைச்சது நடக்க மனசுல படம் ஓட்டிப் பாக்குறது, நன்றி சொல்றது - யாராவது செய்றீங்களா?

புங்கோல்_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் எனக்கு கார் லைசென்ஸுக்கான கிளாஸ் 3 பிராக்டிக்கல் டெஸ்ட், அதோட சிங்கப்பூர் அரசு கட்டுற புது வீட்டுக்கான பிடிஓ பேலட் (குலுக்கல்) ரிசல்ட்டும் வரணும், ரெண்டும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. கூட வேலை செய்ற அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, தினமும் காலையில கண்ணை மூடி அது கிடைச்சிட்ட மாதிரியே பாக்கணும், முன்கூட்டியே நன்றி சொல்லிடணும், அப்பத்தான் வரும்னு. நானும் எம்ஆர்டி ரயில்ல உக்கார இடம் கிடைக்கிறப்ப செய்றேன், ஆனா வீட்டுச் சாவி கையில இருக்கிற மாதிரி பாத்துட்டு நன்றி நன்றின்னு சொன்னா பொய் சொல்ற மாதிரி இருக்கு. அதைவிட பயம் என்னன்னா, நடுவுல "கிடைக்காட்டி என்ன பண்றது"ன்னு நினைப்பு வந்துடுது, அந்த ஒரு நினைப்பே எல்லாத்தையும் கெடுத்துடும்னு அவங்க சொல்றாங்க. அது உண்மையா? இதனால ராத்திரி தூக்கமே சரியா இல்ல. வீட்டுக்காரருக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல, அதான் இங்க கேக்குறேன்.

லதா_சிராங்கூன்:
மீனா, நான் பல வருஷமா செய்றேன்மா. எனக்கு இது புதுசாவே படல, நம்ம வீடுகள்ல பாட்டி காலத்துலேந்து இருக்கிறதுதானே. வேண்டிக்கிறோம், விரதம் இருக்கோம், தைப்பூசத்துக்கு பெருமாள் கோயில்லேந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் பால்குடம் தூக்கிட்டு நடக்குறோம். அதுல நினைப்போட உடம்பும் சேந்து உழைக்குது பாரு. நேர்த்திக்கடனும் பொதுவா காரியம் ஆனப்புறம் செலுத்துறதுதான். அதனால இன்னும் வராத சாவிக்கு நன்றி சொல்ல வாய் வரலன்னா விட்டுடு, கையில இருக்கிறதுக்குச் சொல்லு. நான் படுக்கப் போறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதுவேன், ஓடி வந்ததைப் பாத்து பஸ் அங்கிள் கதவைத் திறந்தாரு, அம்மாவுக்கு சுகர் இறங்கியிருக்கு, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ரெண்டாங் கறி கொடுத்தாங்க, இப்படி. மொத்தமா "குடும்பத்துக்கு நன்றி"ன்னு எழுதினா சீக்கிரம் சலிச்சிடும், சின்னச் சின்னதா குறிப்பா எழுதணும்.

கதிர்_ஜூரோங்:
அக்கா, நான் யூனில சைக்காலஜி படிக்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அதனால கொஞ்சம் நீளமா எழுதிடுறேன். 1999ல லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல யுசிஎல்ஏ யுனிவர்சிட்டி மாணவர்களை வச்சு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. பரீட்சைக்கு முன்னாடி ஒரு குரூப் தினமும் நல்ல மார்க் வாங்கின மாதிரி கற்பனை பண்ணாங்க, இன்னொரு குரூப் எங்க உக்காந்து எப்படிப் படிக்கிறோம்னு கற்பனை பண்ணாங்க. படிக்கிறதை மனசுல பாத்தவங்கதான் நிஜமாவும் நல்லா தயார் பண்ணி மார்க்கும் கூட வாங்கினாங்க. கேப்ரியேல் எட்டிங்கன்னு ஒரு பேராசிரியர் வேலை தேடுற பட்டதாரிகளைக் கவனிச்சதுல, வேலை கிடைச்ச மாதிரி இனிமையா கனவுலயே இருந்தவங்க அப்ளிகேஷனும் கம்மியா போட்டிருக்காங்க, வேலையும் கம்மியாத்தான் கிடைச்சிருக்கு. மனசு ஏற்கனவே சாப்பிட்ட திருப்தியில படுத்துடுது போல. அவங்க சொல்ற முறை, ஆசையைப் பாரு, உடனே அதுக்கு எது தடையா வரும்னும் பாரு, வந்தா என்ன செய்வேன்னு இப்பவே முடிவு பண்ணு. அப்ப உங்களுக்கு வர்ற அந்த "கிடைக்காட்டி" நினைப்பு விரட்ட வேண்டியதே இல்ல, அதுதான் வேலைக்கு ஆகுற பாதி.

நன்றி பத்தியும் இருக்கு. 2003ல எம்மன்ஸ், மெக்கல்லான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், நன்றி சொல்லத் தோணுற விஷயங்களை வாரம் ஒரு தடவை அஞ்சு வரைக்கும் எழுத வச்சாங்க, 10 வாரம். எரிச்சலான விஷயங்களை எழுதினவங்களைவிட இவங்க வாழ்க்கையைப் பத்தி நல்லா உணர்ந்தாங்க, உடற்பயிற்சியும் கூட செஞ்சாங்க. வெளியில எதையும் இழுத்துட்டு வரும்னு இதுல இல்ல, செய்ற ஆளுக்குத் தெம்பு வருது.

செல்வம்_உபி:
தம்பி சொன்னதை டெஸ்ட்டுக்கு அப்படியே வச்சுக்கங்க. லைசென்ஸ் கார்டை கையில பாக்காதீங்க, டெஸ்ட் நடக்கிற சர்க்கிட்டைப் பாருங்க. சீட் இழுத்து கண்ணாடி சரி பண்றேன், பெல்ட், சிக்னல், தலையைத் திருப்பி பிளைண்ட் ஸ்பாட், குறுகலான செங்கோணத் திருப்பம் இருக்கிற கிராங்க் கோர்ஸ்ல எந்த இடத்துல ஸ்டியரிங் முழுசா ஒடிக்கணும், பேரலல் பார்க்கிங்ல எந்தக் கம்பு கண்ணாடியில தெரியணும், கை கால் அசையிற மாதிரி மெதுவா ஓட்டிப் பாருங்க. கெர்ப் (ரோட்டோரக் கல்) மேல ஏறினா உடனே ஃபெயில், அதனால உரசப் போற மாதிரி இருந்தா நிறுத்தி ரிவர்ஸ் எடுக்கிறதையும் சேத்துப் பாருங்க. தப்புக்குப் போடுற பாயிண்ட் 18 வரைக்கும் பாஸ்தான், ஒரு சின்னத் தப்பு ஆனா பதறாம அடுத்ததுக்குப் போறதும் அந்தப் படத்துல இருக்கணும். என் மச்சினிக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், நடுக்கம் நல்லா குறைஞ்சுது.

ஆங்மோகியோ_அத்தை:
மீனா கண்ணு, பிடிஓ பேலட் கம்ப்யூட்டர் போடுறதும்மா, எம்ஆர்டில உனக்கு வந்த நினைப்பு அதுக்குத் தெரியாது. வீடு தேர்ந்தெடுக்கிற கியூ நம்பர் தள்ளி வந்தா உன் மனசு கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, தயவுசெஞ்சு அந்தப் பாரத்தைத் தூக்காத. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, உடம்பு முடியாம போனவங்ககிட்டகூட நீ நல்லதா நினைக்கலன்னு சொல்றவங்களைப் பாத்திருக்கேன், அது பெரிய பாவம். 4டி லாட்டரில கூட 0000லேந்து 9999 வரைக்கும் எல்லா நம்பருக்கும் ஒரே வாய்ப்புதான், எவ்வளவு நினைச்சாலும். வீட்டைப் பத்தி பாக்கணும்னா, புக்கிங் அன்னிக்கு நீயும் அவரும் உக்காந்து எந்த மாடி, எந்தப் பக்கம் வெயில், சிபிஎஃப் சேமிப்புல எவ்வளவு, மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு பேசுறதைப் பாரு. அப்ப அவரும் சேந்துக்குவாரு.

புங்கோல்_மீனா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அத்தை எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். செல்வம் அண்ணே, கிராங்க் கோர்ஸ்ல எனக்கு ரெண்டாவது திருப்பம்தான் தகராறு, அதை மட்டும் திரும்பத் திரும்பப் பாக்கலாமா இல்ல முதல்லேந்து முழுசா ஓட்டணுமா?

செல்வம்_உபி:
முதல்ல முழுசா ஒரு தடவை, அப்புறம் அந்தத் திருப்பம் மட்டும், கடைசியா மறுபடி முழுசா. அடுத்த பாடத்துல இன்ஸ்ட்ரக்டர்கிட்ட அந்த இடத்துலயே கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி எது எங்க தெரியுதுன்னு நல்லா பாத்துக்கங்க, இல்லன்னா மனசுல வர்ற படமே தப்பா இருக்கும்.