இலத்திரன் வீழ்படிவா, சொரிவா?

அன்பின் நண்பர்களுக்கு,

துருவ ஒளி (துருவப் பக்கத்து இரவு வானில் ஆடும் வண்ண ஒளி) பற்றி நாம் தயாரிக்கும் சொற்பட்டியலில், விண்வெளியிலிருந்து இலத்திரன்கள் வளிமண்டலத்துக்குள் இறங்குவதற்குப் பண்டாரவளை டீச்சர் 'இலத்திரன் வீழ்படிவு' என்று போட்டிருக்கிறார். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிற பிள்ளைக்கு வீழ்படிவு என்றால் சோதனைக் குழாய்தான் கண்முன் வரும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் உப்புக் கரைசலைத் துளித் துளியாக விட்டால், தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டு அடியில் தங்குமே, அது. துருவத்து இலத்திரன்கள் எங்கேயும் படிவதில்லை. தரைக்கு மேலே சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தை எட்டுவதற்குள்ளேயே ஒட்சிசனிலும் நைதரசனிலும் மோதி மோதித் தம் சக்தியை இழந்துவிடுகின்றன. வாங்கிய சக்தியை ஒட்சிசன் அணு 557.7 நனோமீற்றர் பச்சையாக வெளிவிடுகிறது, 200 கி.மீ. தாண்டிய உயரத்தில் 630 நனோமீற்றர் சிவப்பாக.

தலவாக்கலைத் தம்பி சொன்ன 'பொழிவு' இதைவிட நல்லது. ஆனாலும் நம் பக்கத்தில் பொழிவு என்றால் தென்மேற்குப் பருவ மழைதான். லயத்துக் கூரை, தேயிலை மலை, ரோடு என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் கொட்டும். இலத்திரன் அப்படியில்லை. பூமியின் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி அந்தக் கோட்டின் வழியே மட்டும் இறங்கும். பூமியை நெருங்க நெருங்கப் புலம் வலுப்பதால், வருகிற இலத்திரன்களில் பெரும்பாலானவை பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடும். அப்புறம் எப்படிக் கீழே வருகின்றன? சில ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் கோட்டின் நீளத்துக்கு ஒரு மின்னழுத்த வித்தியாசம் உண்டாகிறது, சில ஆயிரம் வோல்ற்று. அதுதான் இழுத்து இறக்குகிறது.

எனக்கு நினைவு வந்தது தோட்டத்துப் பீலி, தண்ணீரைக் கொண்டுவரும் குழாய். மழை எங்கும் விழும். பீலித் தண்ணீர் வைத்த வழியில்தான் வந்து குடத்தில் விழும். அதனால் 'இலத்திரன் சொரிவு' என்று வைக்கலாம் என்கிறேன். சாக்கிலிருந்து நெல்லைச் சொரிகிறோம், அம்மனுக்குப் பூச்சொரிகிறோம். சொரிவதில் ஒரு கை இருக்கிறது, விழ வேண்டிய இடமும் இருக்கிறது.

இன்னொன்று. பட்டியலில் 'கீழிறங்கு மின்னோட்டம்' என்று இருப்பதைத் தயவுசெய்து திருத்துங்கள். சாதாரண தரத்திலேயே படிப்பிக்கிறோம், மின்னோட்டத்தின் திசை இலத்திரன் போகும் திசைக்கு எதிர் என்று. இலத்திரன் கீழே சொரிகிற இடத்தில் மின்னோட்டம் மேலே ஏறுகிறது. துருவ ஒளி திரைபோல் ஆடுகிற இடம் அதுதான். வேறோர் இடத்தில் மின்னோட்டம் கீழே வந்து, அயன மண்டலத்தில் (மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டலத்தில்) கிடையாக ஓடி, இங்கே மேலேறிச் சுற்றை முடிக்கிறது. ஏறுவது, இறங்குவது இரண்டுக்கும் பொதுவாகப் 'புலவழி மின்னோட்டம்' என்றால் பிழை வராது. நோர்வே விஞ்ஞானி கிறிஸ்தியன் பேர்க்லண்ட் 1908இலேயே சொன்ன விடயம் இது. செய்மதி போய் அளக்கும்வரை பலர் அதை ஏற்கவில்லை. அடைப்புக்குறிக்குள்ளாவது அவர் பெயர் இருக்கட்டும்.

அயன மண்டலத்தில் கிடையாக ஓடும் அந்த ஓட்டத்துக்கு 'மின்தாரை'. இதை நம் பிள்ளைகளுக்கு விளக்குவது லேசு. பகலில் நம் தலைக்கு மேலேயும் சுமார் 105 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்தாரை ஓடுகிறது, காந்த நடுக்கோட்டுக்கு நாம் அவ்வளவு பக்கம். போன வாரம் ஒரு தையல் ஊசியை நடுவில் நூல் கட்டிச் சமப்படுத்தி, பிறகு காந்தமேற்றித் தொங்கவிட்டேன். கிட்டத்தட்டப் படுத்த வாக்கிலேயே நின்றது. நோர்வேயில் அதே ஊசி தலைகுத்தாகச் சாயும். இங்கே புலக்கோடு தரைக்குச் சமாந்தரமாகப் போகிறது, சொரிவதற்கு வழியே இல்லை. மின்தாரை இருந்தும் ஹட்டன் வானத்தில் துருவ ஒளி இல்லாததற்குக் காரணம் அதுதான் என்றதும், பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து ஊசியைக் குனிந்து பார்த்தாள்.

ஹட்டனிலிருந்து

---

சேர், வணக்கம்.

வீழ்படிவை எடுத்துவிட்டேன், நீங்கள் சொன்னது சரி. புலவழி மின்னோட்டமும் மின்தாரையும் அப்படியே போகட்டும். பீலி உதாரணத்தில்தான் ஒரு சந்தேகம்: பீலித் தண்ணீரும் ஈர்ப்பால்தானே ஓடுகிறது? பிள்ளைகள் இலத்திரனும் பாரத்தால் விழுகிறது என்று நினைத்துவிட மாட்டார்களா?

பண்டாரவளையிலிருந்து

---

டீச்சர், நல்ல கேள்வி. பீலிக்கு நிலத்தின் இறக்கம் எப்படியோ, இலத்திரனுக்கு மின்னழுத்த வித்தியாசம் அப்படி. பலகையில் அந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்துவிட்டால் குழப்பம் வராது. பட்டியலில் 'புலவழிச் சொரிவு' என்றே முழுதாகப் போடுவோம். 'வழி' என்ற சொல் இருந்தால் பாரத்தை யாரும் நினைக்கமாட்டார்கள். தம்பிக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.