அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் டாம்பா பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு: ஸ்டெபிலைசரை ஊரிலேயே விட்டுவிடுங்கள், ஆம்ப்ளிஃபயருக்கு இங்கே எதிரி வேறு

ஆம்ப்ளிஃபயரோடு ஸ்டெபிலைசரையும் பெட்டியில் வைக்கட்டுமா என்று சென்னையிலிருந்து வரப்போகிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இந்தப் பக்கம் குடிவருகிற எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஜூன் பிறந்துவிட்டால் செப்டம்பர் வரைக்கும் மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் இங்கே சாதாரணம், ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்கே லைட்னிங் என்றுதான் பெயர்.

ஸ்டெபிலைசர் வேண்டவே வேண்டாம். ஊரில் நம் தொல்லை வோல்டேஜ் மணிக்கணக்கில் இறங்கிக் கிடப்பதும் திடீரென ஏறுவதும். இங்கே 120 வோல்ட், பெரும்பாலும் 114க்கும் 126க்கும் நடுவிலேயே நிற்கும். ஆனால் பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால் கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறி அடங்கிவிடும், ஸ்டெபிலைசரின் ரிலே அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஊரில் வாங்கிய ஸ்பைக் பஸ்டரும் உதவாது, அது 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது, இங்கே வோல்டேஜ் ரொம்ப ஏறிய பிறகுதான் தடுக்கத் தொடங்கும். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 115/230 என்று மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கூடவே வைத்திருக்க வேண்டும். அதைவிட அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவது நல்லது. ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கரண்டின் 50 ஹெர்ட்ஸை நம்பிச் சுற்றும் பழைய மோட்டார் என்றால், டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் இங்குள்ள 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகத்தான் சுற்றும்.

சரி, இங்கே என்ன வாங்குவது? கடையில் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், இப்படித் திடீரென எகிறும் வோல்டேஜை (அதுதான் சர்ஜ்) தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டரும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி தொங்கும், விலை குறைவு என்று முதலாவதை எடுத்து வந்துவிடுகிறார்கள். அட்டையைத் திருப்பி யூஎல் 1449 (சர்ஜ் ப்ரொடெக்டருக்கான பாதுகாப்புத் தரம்) என்று இருக்கிறதா பாருங்கள், தடுத்த பிறகும் உள்ளே விடும் வோல்டேஜ் 330 என்று போட்டிருந்தால் நல்லது, அந்த எண் குறைவாக இருக்க இருக்க நல்லது. எவ்வளவு அடியைத் தாங்கும் என்று காட்டும் ஜூல் எண் கூடுதலாக இருக்கட்டும், ஆம்ப்ளிஃபயருக்கு 2000க்குக் கீழே நான் போக மாட்டேன். உள்ளே சர்ஜை வாங்கிக்கொள்ளும் எம்ஓவி என்ற பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது தீர்ந்த பிறகும் சில பெட்டிகள் கரண்டை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும், நாம் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் பாதுகாப்பு போனதும் கரண்டையே நிறுத்திவிடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ப்ரொடெக்டருக்குள் இன்னொரு ப்ரொடெக்டரைச் சொருகாதீர்கள்.

பழைய வீடாக இருந்தால் எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருப்பதாலேயே உள்ளே எர்த் கம்பி இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஹார்ட்வேர் கடையில் மூன்று விளக்கு வைத்த டெஸ்டர் சில டாலருக்குக் கிடைக்கும், எந்த விளக்குக்கு என்ன பொருள் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். எர்த் இல்லையென்றால் வீட்டுக்காரருக்கு மெயிலில் எழுதிப் போடுங்கள்.

நிறையப் பேர் கோட்டை விடுவது இதில்தான்: சர்ஜ் கரண்ட் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. நண்பர் ஒருவர் வீட்டில் நல்ல ப்ரொடெக்டர்தான் போட்டிருந்தார். ஒரு மாலை இடி இடித்து ஓய்ந்ததும் போட்டுப் பார்த்தால் ரிசீவரில் (ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர்) விளக்கு எரிகிறது, எஃப்எம் பாடுகிறது, வால்யூம் திருகினால் ஏறி இறங்குகிறது, ஆனால் எச்டிஎம்ஐ வழியாக எதுவுமே வரவில்லை. இணையத்துக்கான கேபிள் சுவரிலிருந்து நேராக மோடத்துக்கும், அங்கிருந்து ஈத்தர்நெட் டிவிக்கும், டிவியிலிருந்து எச்டிஎம்ஐ ரிசீவருக்கும் போயிருந்தது. கரண்ட் பக்கம் கதவைப் பூட்டி, கொல்லைப்பக்கம் திறந்து கிடந்தது.

ஆகவே மோடம், டிவி, ரிசீவர் எல்லாம் ஒரே ப்ரொடெக்டரில் இருக்கட்டும், கேபிளும் ஈத்தர்நெட்டும் அதற்குள்ளேயே நுழைந்து வரும் வகையாகப் பாருங்கள். முடிந்தால் டிவிக்கும் ரிசீவருக்கும் வைஃபையே போதும். டிவியிலிருந்து ஒலியை ஆப்டிகல் கேபிளில் எடுத்தால் இன்னும் நிம்மதி, அதில் ஒளி மட்டும்தான் போகும், கரண்ட் போகாது. அறையின் மறுமூலையில் வேறு பிளக் பாயிண்டில் இருக்கிற சப்வூஃபரை மறந்துவிடாதீர்கள், அதன் நீளமான ஒயரும் ரிசீவருக்குள்தான் போய் முடிகிறது. வீட்டுக்கு வெளியே கேபிள் நுழையும் இடத்தில் அதன் எர்த் கம்பி வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று, கேபிள்காரர் வரும்போது கூடவே நின்று கேளுங்கள்.

சொந்த வீடு வாங்கியவர்கள் எலெக்ட்ரீஷியனை வைத்து மெயின் பேனலில் முழு வீட்டுக்கும் ஒரு சர்ஜ் கருவி போட்டுவிடலாம். புது வீடுகளுக்கு அது வேண்டும் என்று அமெரிக்க மின்சார விதிகளின் 2020 பதிப்பே சொல்கிறது. அது இருந்தாலும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்.

நேராக விழும் மின்னலை இது எதுவும் முழுதாகத் தடுக்காது. பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் வழி, கேபிளையும் சேர்த்து. இங்கே பிளக் பாயிண்டில் ஸ்விட்சே கிடையாது, ஆகவே கை எட்டும் இடத்தில் வையுங்கள், இந்த மாதங்களில் வேலைக்குக் கிளம்பும்போதே பிடுங்கிவிட்டுப் போங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொடவே கூடாது, ஆம்ப்ளிஃபயர் போனால் போகட்டும். புயலில் கரண்ட் போனாலும் பிடுங்குங்கள், திரும்பி வந்ததும் உடனே சொருகாமல் கொஞ்ச நேரம் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் வாடகை வீட்டு இன்ஷூரன்ஸ். மின்னலால் வந்த சேதத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் மின்கம்பெனி லைனில் வந்த சர்ஜ் என்றால் எலெக்ட்ரானிக் பாகங்களுக்குக் கிடையாது என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும், வாங்கும்போதே அந்தப் பக்கத்தைப் படியுங்கள். ரசீதையும் பின்பக்க சீரியல் எண்ணையும் படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள், ப்ரொடெக்டர் கம்பெனி தருகிற வாரண்டிக்கும் அதே ரசீதைத்தான் கேட்பார்கள்.