90 ஆல்பம் போட்ட மனுசன் எப்படிய்யா சோறு தின்னாரு?

பேண்டேஜ்துணி:

எல்லாருக்கும் வணக்கம்ணே, ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு ஓடிர்றவன், இன்னைக்குத்தான் மொத தடவ போஸ்ட் போடுறேன். சொந்த ஊரு ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி நெய்யிற ஊரு, வீட்ல நாலு தறி ஓடுது. நான் மதுரை டவுன்ஹால் ரோட்ல ஒரு மொபைல் சர்வீஸ் கடைல வேலை பாக்குறேன், ரூம் செல்லூர்ல.

மூணு மாசத்துக்கு முன்னாடி யூடியூப்ல எதையோ தேடப்போயி மஸ்லிம்காஸ்னு ஒரு மியூசிக் ஓடுச்சு. ஏதோ பெரிய குரூப்புனு நெனச்சா ஒரே ஆளாம், பேரு பிரின் ஜோன்ஸ், இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம், 1961ல பொறந்து 1999 ஜனவரில 37 வயசுலயே போயிட்டாரு, அதுக்குள்ள 90 ஆல்பத்துக்கு மேல. அந்தப் பேரே மஸ்லின் காஸ்ங்கற பேண்டேஜ் துணிய, முஸ்லிம்னு வர்ற மாதிரி மாத்திப் பண்ண வார்த்தை வெளாட்டாம். எனக்கு சிரிப்பு தாங்கல, ரெண்டு தலைமுறையா எங்க வீட்ல அந்த காஸ் துணியத்தானே நெஞ்சுட்டு இருக்கோம்.

அதுல இருந்து கிறுக்கு பிடிச்ச மாதிரி லீவுக்கு ஊருக்குப் போனா தறிய ரெக்கார்ட் பண்றதே வேலையா போச்சு. இதுவரைக்கும் 40 டிராக் நெட்ல ஏத்திருக்கேன், மூணு வித்துச்சு, அதுல ஒண்ணு நானே வாங்குனது. அப்பா கேக்குறாரு, "இந்த இரைச்சல்ல இருந்து தப்பிச்சுப் போகத்தானடா உன்னைய மதுரைக்கு அனுப்புனேன், நீ அதையே டப்பால பிடிச்சுட்டுப் போயி விக்கிறியா"ன்னு. என் கேள்வி இதான், இந்த மாதிரி ஆளுங்க எப்படி பொழச்சாங்க? கடை வேலைய விட்டுட்டு ஒரு வருசம் முழுசா இறங்கலாமா?

கேசட்காலம்:

தம்பி மொதல்ல வேலைய விட்டுறாத, மிச்சத்த அப்புறம் பேசுவோம்.

ஜோன்ஸ் 1982ல வேற பேர்ல ஆரம்பிச்சாரு, ஆப்லிக் கிராஃப்னு. அதே வருசம் இஸ்ரேல் லெபனானுக்குள்ள படையோட பூந்துச்சு, அதுல மனுசன் கொதிச்சுப்போயி வச்ச பேருதான் மஸ்லிம்காஸ். இத்தனைக்கும் ஆளு முஸ்லிமும் கெடையாது, கடைசி வரைக்கும் மேற்காசியா பக்கம் கால் வச்சதும் கெடையாது. பாட்டுல அரசியல் கோஷம் போடுற ஆளும் இல்ல, தாளமும் டேப் இரைச்சலும்தான், அரசியல் பூராம் ஆல்பம் பேர்லயும் அட்டைலயும்தான் இருக்கும்.

காசு விஷயம் கேட்டியே. ஆம்ஸ்டர்டாம்ல ஸ்டால்பிளாட்டுனு ஒரு சின்ன லேபிள், அதாவது ஆல்பம் போடுற கம்பெனி, அந்த மாதிரி நாலஞ்சு எடம்தான் அவருக்கு. பல ரிலீஸு சில நூறு காப்பியோட நின்னுரும். இவரு பாட்டுக்கு டேப்பு மேல டேப்பா தபால்ல அனுப்பிட்டே இருப்பாரு, லேபிள்காரங்களால அந்த வேகத்துக்கு அச்சடிச்சு முடியல. 1998 டிசம்பர் கடைசில ரத்தத்துல பூஞ்சைத் தொற்றுன்னு ஆஸ்பத்திரில சேத்தாங்க, ரெண்டு வாரத்துல முடிஞ்சுபோச்சு. செத்ததுக்கு அப்புறமும் வருசக்கணக்கா புது ஆல்பம் வந்துட்டே இருந்துச்சுன்னா அனுப்பிக் குவிச்சத பாத்துக்க. இதுல சம்பளக் கணக்கு எங்க இருந்து வரும்?

குழாய்ஸ்பீக்கர்:

நான் மேலூர் பக்கம் சவுண்டு சர்வீஸ் வச்சிருக்கேன், 22 வருசம் ஆச்சு. முளைப்பாரி அன்னைக்கு மைக்க ஸ்பீக்கருக்கு நேரா காமிச்சுட்டா கூஊஊன்னு கத்தும் பாருங்க, ஒரு செகண்டுதான், பெரிசுங்க "யார்றா அவன் மைக் செட்டு"ன்னு செருப்ப கழட்டிருவாய்ங்க. ஜப்பான்ல ஒருத்தரு அதையே தொழிலா வச்சிருக்காருன்னு என் மகன் காமிச்சான், மெர்ஸ்போவாம். முழு ஆல்பமும் அந்தக் கூ தான்யா! நம்ம பாவம், வாங்குன அட்வான்ஸயே திருப்பிக் குடுத்துட்டு வந்த நாளும் இருக்கு.

கேசட்காலம்:

அண்ணே அவரு பேரு மசாமி அகிதா, டோக்கியோக்காரரு, 1979ல இருந்து ஓட்டுறாரு. ஆரம்பத்துல தானே கேசட்ட காப்பி போட்டு தபால்ல அனுப்பி, பதிலுக்கு அவங்க கேசட்ட வாங்கிக்குவாரு. 2000ல 50 சிடிய ஒரே பெட்டில போட்டு ஒரு ஆஸ்திரேலியா லேபிள் விட்டுச்சு. ஆனா அவரும் பத்திரிகைல கட்டுரை எழுதிச் சம்பாதிச்சவருதான், கூ மட்டும் போட்டு குடும்பம் நடத்தல.

வைகைக்கரை:

எல்லாரும் வெளிநாட்டுக்கே போறீங்களே, பம்பாய்ல சரண்ஜித் சிங்னு ஒருத்தர் இருந்தாரு தெரியுமா? இந்திப் படங்களுக்கு கிடார் வாசிச்சவரு. 1982ல ரோலண்டு கம்பெனியோட எலக்ட்ரானிக் மியூசிக் மெஷின் மூணு வாங்கிப்போட்டு ராகத்த டிஸ்கோ தாளத்துல ஓட்டுனாரு, எச்எம்வி ரெக்கார்டாவே போட்டுச்சு, யாரும் சீந்தல. சிகாகோவுல அதே மாதிரி சத்தம் அஞ்சாறு வருசம் கழிச்சுத்தான் கெளம்புச்சு. 2010ல ஒரு டச்சுக்காரர் தேடிப்பிடிச்சு மறுபடி வெளியிட்ட அப்புறம், எழுபது வயசு தாண்டி ஐரோப்பா மேடைல போயி வாசிச்சாரு, 2015ல காலமாயிட்டாரு. நடுவுல அத்தனை வருசமும் வீட்ல அடுப்பு எரிஞ்சது கல்யாணக் கச்சேரில.

இன்னொண்ணு தம்பி, எனக்கு மஸ்லிம்காஸ் மேல ஒரு வருத்தம் உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா மேற்காசியா ஆளுங்க குரல வெட்டி ஒட்டி திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி லூப் போடுறாரு, யாரு குரலுன்னு ஒரு பேரு கூட இருக்காது, அவங்களுக்கு அஞ்சு பைசா போயிருக்குமா? நாளைக்கு நீ அலங்காநல்லூர் பக்கம் போயி உறுமிக்காரர ரெக்கார்ட் பண்ணேன்னா, அவருக்கு அன்னைக்குக் கூலியக் குடுத்துட்டு பேரையும் போடு. தறி உங்க வீட்டுதுதான், ஆனா ஓட்டுறது யாரு?

பேண்டேஜ்துணி:

அக்கா பகல்ல அம்மா ஓட்டுறாங்க, ராத்திரி ஷிப்டுக்கு ஒரு அண்ணன் வருவாரு. ரெண்டு பேரு பேரும் போடல, இன்னைக்கே மாத்திர்றேன்.

கடை வேலை இருக்கட்டும், முடிவு பண்ணிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தறி ஓடும்ல, ரெண்டும் ஒரே ஸ்பீடுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க, கேட்டா அப்படி இல்ல. குறுக்கு நூல கொண்டு போற நாடா அடிக்கிற டக்கு ஒண்ணுல கொஞ்சம் முந்தும், கொஞ்சங் கொஞ்சமா வெலகி குதிரை ஓடுற மாதிரி ஆகும், அப்புறம் மெதுவா நெருங்கி ஒரு நாலஞ்சு அடிக்கு ரெண்டும் ஒரே தறி மாதிரி விழும், மறுபடி பிரிஞ்சிரும். அம்மாகிட்ட சொன்னேன். "அது தெரியாமயா இத்தன வருசம் ஓட்டுறேன், ஒண்ணா விழுறப்ப தலை உயர்த்திப் பாப்பேன், நூலு அறுந்தாலும் சத்தம் மாறும்ல"னாங்க.

கேசட்காலம்:

அடேய் இத மொதல்லயே சொல்றதுக்கென்ன! 1965ல அமெரிக்காவுல ஸ்டீவ் ரைஷ்னு ஒருத்தர் ரெண்டு டேப் ரெக்கார்டர்ல ஒரே குரல ஓடவிட்டு, அது தானா விலகுறத கேட்டுட்டு அதையே மியூசிக்கா பண்ணாரு. உங்க அம்மா டேப்பே இல்லாம கேட்டிருக்காங்க. 40 டிராக்க விடு, அந்த ஒண்ண மட்டும் வெட்டாம ஒரு மணி நேரம் எடு.

குழாய்ஸ்பீக்கர்:

போன் மைக்க வச்சு எடுக்காத தம்பி, தறி சத்தத்துக்கு அது தெறிச்சுரும். என் குடோன்ல ரெண்டு நல்ல மைக் சும்மா கெடக்கு, வாடகை வேணாம், பெட்ரோல் மட்டும் போடு. ஸ்டாண்ட தரைல வைக்காத, தறி அதிர்ச்சி தரை வழியா ஏறி கடகடன்னு கேக்கும், மடிச்ச சாக்கு நாலு கீழ போடணும். ரெண்டு தறிக்கும் நடுவுல ஒண்ணு, வாசல்ல ஒண்ணு.

பேண்டேஜ்துணி:

ரொம்ப நன்றிண்ணே. சாக்கு வீட்ல நெறைய கெடக்கு. ஞாயித்துக்கெழம தறி ஓடாது, சனிக்கெழம மதியம் வாங்க, அம்மா சாப்பாட்டுக்கும் சேத்துச் சொல்லிட்டாங்க. அப்பா மட்டும் கரண்ட் பில்லு யாரு கட்டுவான்னு கேட்டுட்டு இருக்காரு.