20 வருஷமா மூடி திறக்காத ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட்: 31 மணி நேரத்துல நிக்குது, யார்கிட்ட குடுக்கலாமுங்க?

பனியன்சிட்டி (திருப்பூர்):

வணக்கமுங்க. வாட்ச் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 16234, 2004-ல வாங்கினது, உள்ள 3135 மெஷின். இன்னிக்கு வரைக்கும் மூடி திறந்ததில்ல. இப்ப இருக்கற கோளாறு:

ஒரு நாளைக்கு 22 செகண்ட் பின்னால போகுது. சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குக் கழட்டி வெச்சா ஞாயிறு ராத்திரி 1 மணிக்கே நின்னு போகுது. கையை ஆட்டினா ரோட்டர் (தானா சாவி ஏத்தற அரைவட்ட எடை) சரசரன்னு ஒரசற சத்தம்.

டைம்கிராஃபர் (தட்டுச் சத்தத்தைக் கேட்டு மெஷினை அளக்கற கருவி) ரீடிங், முழுசா சாவி குடுத்து, லிஃப்ட் ஆங்கிள் (கருவியில குடுக்கற, மெஷினுக்கு மெஷின் மாறற கோணம்) 52-ல: டயல் மேல பாத்து ஆம்ப்ளிட்யூட் (இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை நடத்தற பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி ஆடுதுங்கறது) 214, சாவி கீழ பாத்து 176, பீட் எரர் (ரெண்டு பக்க ஆட்டத்துக்கும் உள்ள நேர வித்தியாசம், மில்லிசெகண்டுல) 0.3.

கோயமுத்தூர் டீலர்கிட்ட கேட்டா கம்பெனி சர்வீசுக்கு அனுப்பணும், அஞ்சு இலக்கத்துல ஆகும், வாரக்கணக்குல ஆகும்ங்கறாங்க. டவுன்ல ஒரு கடையில "ஆயில் விட்டு ஸ்பீடு முள்ளைக் கொஞ்சம் தள்ளினாப் போதும், சாயங்காலமே வாங்கிக்கங்க"ன்னு, அதுல பத்துல ஒரு பங்குதான் கேக்கறாங்க. எது சரி? சர்வீஸ்னா உள்ள என்னதான் பண்றாங்க? குடுக்கறப்ப எதையெல்லாம் எழுதி வாங்கணும்?

கண்லென்ஸ் (கோவை):

ரெண்டாவது கடைக்காரர் பேச்சுலயே உங்களுக்குப் பதில் இருக்குதுங்க. 3135-ல தள்ளறதுக்கு ஸ்பீடு முள்ளே கிடையாது.

சாதாரண வாட்ச்ல ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸ் வீலைத் திருப்பி இழுக்கற மெல்லிசான சுருள்) எவ்வளவு நீளத்துக்கு வேலை செய்யணும்ங்கறத ரெகுலேட்டர் முள் முடிவு பண்ணும். இதுல அது இல்ல. பேலன்ஸ் வீல் விளிம்புக்கு உள்பக்கம் மைக்ரோஸ்டெல்லான்னு நாலு குட்டித் தங்க நட்டு இருக்கும். எதிரெதிர் ஜோடியா, ரெண்டையும் ஒரே அளவு திருப்பணும். விளிம்புப் பக்கம் போனா மெதுவாகும், நடுப்பக்கம் வந்தா வேகமாகும். ஒண்ணை மட்டும் திருப்பினா சக்கரமே ஒருபக்கம் கனத்துரும், அப்பறம் ஒவ்வொரு கிடைக்கும் (வாட்ச்சை வெக்கற வாட்டத்துக்கும்) ஒவ்வொரு நேரம் காட்டும். அந்த நட்டைத் திருப்பத் தனி டூல் இருக்குது. அதனால எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல "இதுல ஸ்பீடு எப்படி வெப்பீங்க?"ன்னு கேளுங்க. முள்ளுன்னு பதில் வந்தா வாட்ச்சை வாங்கிக் கையில கட்டிட்டு வந்துருங்க.

இனி உங்க ரீடிங். 3135-க்கு 52 டிகிரி சரியான லிஃப்ட் ஆங்கிள்தான், நம்பரை நம்பலாம். முழுசா சாவி குடுத்த நல்ல மெஷின் படுத்த கிடையில 270-லிருந்து 300 காட்டணும், நின்ன கிடையில அதைவிட 20, 40 குறையலாம். உங்களுது 214, 176. பேலன்ஸ் வீல் ஊஞ்சல் மாதிரி. ஆட்டம் சுருங்கிப் போச்சு. ஆனா பீட் எரர் 0.3 நல்ல நம்பர். அடிபட்டு எதுவும் வளைஞ்ச மாதிரித் தெரியல. இது வறட்சிங்க. மணிக்கு 28,800 பீட்னா செகண்டுக்கு 8 தட்டு, நாளைக்கு 6,91,200. அத்தனை தட்டும் பேலட் கல்லுல (சக்கரப் பல்லைப் பிடிச்சுப் பிடிச்சு விடற சின்னக் கல்) ஊசிமுனை அளவு கிரீஸ் மேல விழுது. 20 வருஷத்துல அது பாதி பரவிப் போயிருக்கும், மீதி பிசினா ஆயிருக்கும்.

இந்த நிலையில மேலால ஆயில் விட்டா என்ன ஆகும்? பழைய பிசின், தேய்ஞ்ச உலோகத்தூள், புது ஆயில் மூணும் ஒட்டுக்காச் சேந்து சாணைக்கல் மாவு மாதிரி ஆயிரும். ஒரு மாசம் ஆம்ப்ளிட்யூட் ஏறும், "ஆகா, சரியாயிருச்சு"ன்னு தோணும். அதுக்குள்ள அச்சு முனை தேய்ஞ்சிருக்கும். கழட்டாம அப்படியே பெட்ரோல்ல முக்கி எடுக்கறதும் இந்த ரகந்தான்.

ஒழுங்கான சர்வீஸ்னா: செயினைக் கழட்டி, மூடியை அதுக்கான பல் வெச்ச டையில திறந்து (இடுக்கியில திறந்தா பல்லு மழுங்கும்), மெஷினை வெளிய எடுத்து, முள், டயல் கழட்டி, மெயின்ஸ்பிரிங் (வாட்ச்சை ஓட்டற பெரிய சுருள்) இழுவையை கிளிக்கை (அது திரும்பிச் சுத்தாம தடுக்கற கொக்கி) பிடிச்சு மெதுவா இறக்கிட்டு, ரோட்டர்ல ஆரம்பிச்சுக் கடைசி ஸ்குரூ வரைக்கும் பிரிக்கணும். கழுவறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு அச்சையும் லென்ஸ்ல பாக்கணும், ஏன்னா எங்க கறுப்புத் தூள் சேந்திருக்கோ அங்கதான் தேய்மானம். கழுவினப்பறம் அந்தச் சாட்சி போயிரும். கல் ஓட்டைகளைக் கூராச் சீவின மரக்குச்சியால குடைஞ்சு, மெஷின்ல ஒரு கழுவல், ரெண்டு அலசல். பேலட் கல்லை ஷெல்லாக்லதான் ஒட்டியிருக்காங்க, ஆல்கஹால்ல ஊறப்போட்டா கல் நகந்துரும்.

மெயின்ஸ்பிரிங் கண்டிப்பாப் புதுசு. ஆட்டோமேட்டிக்ல இதோட வெளி முனை டிரம்முல (ஸ்பிரிங் இருக்கற டப்பா) மாட்டியிருக்காது, முழுசா ஏறினதும் சுவர்ல வழுக்கும். அந்தச் சுவருக்குப் பிடிமானம் தர்ற கிரீஸ் தனி, மோபியஸ் 8217 மாதிரி. அதுக்குப் பதிலா வழவழ கிரீஸ் போட்டா ஸ்பிரிங் பாதியிலயே வழுக்கி 48 மணி நேரம் நிக்காது. பிடிமானம் அதிகமானா பேலன்ஸ் வீல் ஒரு சுத்து சுத்தி மறுபக்கம் மோதும், மணிக்குக் கணிசமா முன்னால ஓடும்.

ஆயில் வெக்கறது எடத்துக்கு எடம் வேற. டிரம், நடுச்சக்கரப் பக்கம் மெதுவா, பலமாச் சுத்தறதால கனமான எச்பி 1300 (இந்த நம்பர் எல்லாம் மோபியஸ் ஆயில் ரகம்). எஸ்கேப் வீல் (பேலட் கல்லைத் தட்டற பல்சக்கரம்), பேலன்ஸ் பக்கம் மெல்லிசான 9010. பேலட் அச்சுக்கு எதுவுமே வெக்கக்கூடாது. பேலட் கல்லுக்கு 9415: சும்மா இருக்கறப்ப கெட்டியா ஒட்டியிருக்கும், தட்டு விழற நொடியில எளகும். கல்லோட தள்ளற முகத்துல ஒரு பொட்டு வெச்சு, சக்கரத்தோட சில பல்லைக் கடக்க விட்டு, திரும்ப ஒரு பொட்டு. லென்ஸ்ல பாத்தா பல்லு முனையில மட்டும் ஈரம் மின்னணும். பல்லு பக்கவாட்டுல ஏறினா அதிகம், பிரிச்சுக் கழுவணும். கல் ஓட்டைக் கிண்ணத்துலயும் அச்சைச் சுத்தி ஒரு வளையம் தெரியற அளவுதான். ரொம்பினா மேல்தகடு ஆயிலை உறிஞ்சி இழுத்து, அச்சு மறுபடி வறண்டுரும். கம்மியா வெச்சா கெடும்னு எல்லாத்துக்கும் தெரியும், ரொம்ப வெச்சாலும் அதே கதிதாங்கறது பாதிப்பேருக்குத் தெரியாது.

சரசர சத்தம் பத்தி: 3135-ல ரோட்டர் அச்சுல சுத்துது, பால் பேரிங் இதுக்கு அடுத்து வந்த 3235-ல இருக்குது. அச்சு தேய்ஞ்சா ரோட்டர் சாஞ்சு கீழ இருக்கற பாலத்தையோ மூடியோட உள்பக்கத்தையோ உரசும். மூடி திறந்ததும் வளைவா ஒரு கீறல் தெரிஞ்சா அதுதான். அச்சை மாத்தச் சொல்லி எழுத்துல கேளுங்க.

அம்மாபேட்டைமாமன் (ஈரோடு):

ஓடற வண்டியை எதுக்குங்க பிரிக்கறது? எச்எம்டி எல்லாம் 30 வருஷம் திறக்காம ஓடுது. 22 செகண்ட் ஒரு பெரிய விசயமா? வாரத்துக்கு ஒருக்கா நேரம் வெச்சுக்கங்க, நின்னப்பறம் பாத்துக்கலாம்.

கண்லென்ஸ் (கோவை):

மாமா, நிமிசக் கணக்குல பாத்தா நீங்க சொல்றது சரிதான். ஆனா கைச்சாவி எச்எம்டி 18,000 பீட். மெதுவா ஓடும், தேய்மானம் குறைவு, ரோட்டரும் இல்ல. உடைஞ்சாலும் இன்னொரு பழைய மெஷின்ல இருந்து சாமான் எடுத்துக்கலாம். ரோலெக்ஸ் சாமானை வெளிக்கடைக்குச் சுளுவா விக்க மாட்டாங்க. இவருக்கு இப்பவே ரோட்டர் உரசுது. அந்தத் தூள் பல்சக்கரத்துக்குள்ள போகும். இன்னும் ரெண்டு வருஷம் விட்டா கழுவலோட முடியற வேலை சக்கரம் மாத்தற வேலையாயிரும். ரோட்டர் சத்தம் இல்லாம, ஆம்ப்ளிட்யூட் 260 காட்டினா நானும் பொறுக்கச் சொல்லியிருப்பேன். ரோலெக்ஸே சுமார் 10 வருஷத்துக்கு ஒருக்கான்னுதான் சொல்லுது.

பனியன்சிட்டி, ஒண்ணு மட்டும் செஞ்சு பாருங்க. நின்ன வாட்ச்சுக்கு 40 சுத்து கைச்சாவி குடுத்து, கையில கட்டாம மேசைமேல வெச்சு எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு எழுதுங்க. 45-க்கு மேல ஓடினா மெஷின் சரி, ரோட்டர் பக்கம்தான் சாவி ஏத்தல. 30 பக்கம்னா ஸ்பிரிங்கும் வறட்சியும்.

பனியன்சிட்டி (திருப்பூர்):

பாத்தாச்சுங்க. 40 சுத்து, மேசைமேல, 32 மணி நேரம். இன்னொண்ணு: சாவி குடுக்கறப்ப ரோட்டர் கூடவே சுத்தற மாதிரி கைக்குள்ள அதிருது.

கண்லென்ஸ் (கோவை):

அப்ப ரெண்டுமேதான். கைச்சாவி குடுக்கறப்ப ரோட்டர் கூடச் சுத்துதுன்னா ரிவர்சர் சக்கரம் (ரோட்டர் எந்தப்பக்கம் சுத்தினாலும் ஸ்பிரிங்கை ஒரே பக்கமா ஏத்தறது) ஒருபக்கம் விட்டுக்குடுக்காம பிடிக்குது. 3135-ல சிவப்பு நிறத்துல ரெண்டு சக்கரம், உள்ள குட்டிக் குட்டி கொக்கி இருக்கும். அதைப் பிரிக்க முடியாது. கழுவி, ரொம்ப நீர்த்த ஆயில் கரைசல்ல முக்கி உலர்த்துவாங்க. சாதாரண ஆயிலைச் சொட்டினா கொக்கி ஒட்டிக்கும். இனிமே வேகு வேகுன்னு கைச்சாவி குடுக்காதீங்க, பல்லு போகும்.

பொள்ளாச்சிகாத்து:

மெஷினைப் பத்தி அண்ணன் சொல்லிட்டார். நான் தண்ணியும் காகிதமும் மட்டும்.

திருப்பூர்ல ஒரு தனித்தொல்லை இருக்குது: பஞ்சுத்தூசி. மூடி மூடியிருக்கற வரைக்கும் உள்ள போகாது. ஆனா நிட்டிங் யூனிட் ஆபீஸ் மேசையில, ஃபேன் காத்துல, "சும்மா திறந்து பாக்கலாம்"னு யாராவது திறந்தா ஒரே ஒரு இழை போதும். ஹேர்ஸ்பிரிங் சுத்துக்கு நடுவால கிடக்கற இழையைக் கண்ணால பாக்க முடியாது; வாட்ச் ஒரு கிடைக்குச் சரியா இருக்கும், இன்னொரு கிடைக்கு நின்னுரும். ஒரு வாரம் தேடுவாங்க.

ரப்பர் வளையம் மூணு எடம்: மூடி, சாவிக் குழாய், கண்ணாடி. இந்த மாடல் 100 மீட்டர்னு போட்டிருந்தாலும் 20 வருஷ ரப்பருக்கு அது பொருந்தாது. சாயப்பட்டறை நீராவி, வேர்வை, போர் தண்ணி உப்பு எல்லாம் சாவி திருகுல சேந்து புரியைத் தேய்க்கும். சாவிக் குழாயையும் சேத்து மாத்தச் சொல்லுங்க. முடிஞ்சதும் முதல்ல காத்தழுத்தச் சோதனை, அப்பறம் கண்ணாடிச் சோதனை: வாட்ச்சை 40-லிருந்து 45 டிகிரி சூட்டுல வெச்சு, கண்ணாடிமேல குளிர்ந்த தண்ணி ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிசத்துல துடைச்சுப் பாத்தா உள்பக்கம் பனி படியக்கூடாது.

குடுக்கறப்ப ரசீதுல இருக்க வேண்டியது: மாடல் நம்பர், சீரியல் நம்பர் (உங்க வருஷத்துல செயினைக் கழட்டினா 12 மணிப்பக்கக் காதுக்கு நடுவால மாடல், 6 மணிப்பக்கம் சீரியல்), செயின்ல எத்தனை கண்ணி, இப்ப இருக்கற கீறல்கள். எல்லாத்தையும் படம் எடுத்துக்கங்க. அடுத்து பெரிய எழுத்துல "பாலிஷ் வேண்டாம்". சும்மா சேவைன்னு பண்ணித் தருவாங்க. காதோட கூர் விளிம்பு போனா திரும்ப வராது. உங்க பெசல் (கண்ணாடியைச் சுத்தின வளையம்) 18 காரட் வெள்ளைத்தங்கம், வரிவரியா இருக்கறது மழுங்கிரும். விக்கறப்ப முதல்ல பாக்கறது அதைத்தான். டயல், முள் மாத்தறதா இருந்தா முன்கூட்டியே கேட்டுட்டு மாத்தணும்னும் எழுதுங்க.

வெளி ஆள்கிட்ட குடுக்கறது தப்பில்ல, கைத்திறன் இருக்கறவங்க இருக்காங்க. ஆனா டூப்ளிகேட் கண்ணாடியோ சாவியோ ஒருக்கா உள்ள போயிருச்சுன்னா, பின்னால கம்பெனி சர்வீஸ்ல அதையெல்லாம் ஒரிஜினலா மாத்தினாத்தான் தொடுவேன்பாங்க. ரோட்டர் அச்சு, ரிவர்சர், மெயின்ஸ்பிரிங், சாவிக் குழாய்னு சாமான் பட்டியல் இவ்வளவு நீளுதுன்னா டீலர் வழிதான் சரி. அவங்க வேலைக்கு 2 வருஷ கேரண்டி உண்டு.

கூரியர்ல நீங்களா அனுப்பாதீங்க. டீலர் கவுண்டர்லயே குடுத்து, வழியில தொலைஞ்சா பொறுப்பு யாருதுன்னு எழுதி வாங்கிக்கங்க.

பனியன்சிட்டி (திருப்பூர்):

டீலர்கிட்டயே குடுக்கறனுங்க. சோமனூர்ல தறி மோட்டார்ப் பக்கம் அடிக்கடி போவேன், காந்தம் ஏறியிருக்குமான்னு ஒரு சந்தேகம். திரும்பி வந்ததும் நான் என்ன பாக்கணும்?

கண்லென்ஸ் (கோவை):

காந்தம் ஏறினா ஹேர்ஸ்பிரிங் சுத்து ஒண்ணோடொண்ணு ஒட்டி வாட்ச் பெரும்பாலும் முன்னாலதான் ஓடும், சமயத்துல நிமிசக் கணக்குல. உங்களுது பின்னால போகுது. இருந்தாலும் உங்க வருஷத்து 16234-ல நீல பாராக்ரோம் ஹேர்ஸ்பிரிங் (ரோலெக்ஸோட காந்தம் பிடிக்காத ரகம்) இல்ல, காந்தம் பிடிக்கற ரகந்தான். போன் திசைகாட்டியைத் திறந்து வாட்ச்சைப் பக்கத்துல கொண்டு போங்க, முள் துள்ளினா டீமேக்னடைசர்ல (காந்தம் எடுக்கற கருவி) அஞ்சு செகண்ட் வேலை.

திரும்பி வந்ததும் 40 சுத்து சாவி குடுத்து ஒரு மணி நேரம் விட்டு ஆறு கிடையிலயும் ரீடிங் எடுங்க. படுத்த கிடையில 270-க்கு மேல, பீட் எரர் 0.5-க்குள்ள. அப்படியே விட்டு 24 மணி நேரம் கழிச்சு திரும்ப எடுங்க, அப்பவும் 220-க்குக் கீழ போகக்கூடாது. முதல் ரீடிங்கை விட இதுதான் முக்கியம், கழுவலும் ஆயிலும் எப்படின்னு ரெண்டாம் நாள்தான் தெரியும். அப்பறம் மேசைமேல நிக்கற வரைக்கும் விடுங்க, 48 மணி நேரத்தை ஒட்டி வரணும். தேதி ராத்திரி 12 மணியை ஒட்டிக் குதிக்குதா பாருங்க. ராத்திரி 9-லிருந்து விடிகாலை 3 வரைக்கும் தேதியைக் கையால மாத்தாதீங்க. 3135-ல ஒண்ணும் ஆகாதும்பாங்க, உங்க வீட்டுல இருக்கற மத்த வாட்ச்சுக்கு அது பொருந்தாது, பழகிட்டா எல்லாத்துக்கும் ஒரே வழக்கம்.