ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளில் ஐபீஸ் காட்சியை அமைக்க உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். குவியத் தூரம் 1200 மி.மீ., ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 25 மி.மீ., அதாவது 48 மடங்கு உருப்பெருக்கம். ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவ்வளவு ஆசை! சித்திரை நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே 36 பாகை தள்ளி இருக்கிறது. நம் ஊரிலிருந்து நன்றாகவே தெரியும், வடக்கு ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஸ்டெல்லேரியத்தில் ஊர், நேரம் எல்லாம் கொடுத்தாயிற்று. ஐபீஸில் தெரிவதைத் திரையில் காட்டும் ஆக்குலர்ஸ் வசதியில் தொலைநோக்கி அளவுகளையும் போட்டுவிட்டேன். ஆனால் திரையில் நேராகத் தெரியும் படம் ஐபீஸில் தலைகீழாக இருக்கிறது. என்னுடையதைப் போல ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் வகைக்குக் கிடைமட்டம், செங்குத்து இரண்டையும் திருப்ப வேண்டுமா? அப்புறம், மங்கலான விண்மீன்களை மறைத்து என் கருவிக்கு எட்டுவதை மட்டும் காட்ட எங்கே மாற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.