சேர்வராயன் மலைத் தீத்தடுப்புக் கோடு கனடாக் காட்டுக்கு ஆகுமா?

ஏற்காட்டுக்காரன்: இங்க கோடைக்கு முன்னாடியே தீத்தடுப்புக் கோடு போட்டுடுறாங்க. 2023-ல கனடாவுல சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிஞ்சுதே, அங்க ஏன் இது போதலை?

காட்டுப்பூச்சி: நம்ம அடிவாரத்துல எரியுறது பெரும்பாலும் சருகும் புல்லும். சில மீட்டர் அகலத்துக்குச் செத்தையை வாரி மண்ணைக் காட்டினா தீ நிக்கும். அங்க கறுப்பு ஸ்புரூஸ்ங்கிற ஊசியிலை மரத்தோட கிளை தரை வரைக்கும் இறங்கியிருக்கும், தீ ஏணி மாதிரி ஏறி உச்சியைப் பிடிச்சிடும். காத்துல பறக்குற கங்கு ஆத்தையே தாண்டும். அதைவிட மோசம் மண்ணுக்குள்ள இருக்குற பீட், அதாவது பாதி மக்கின செடிகொடி அடுக்கு. காய்ஞ்சா உள்ளேயே கனன்று, பனிக்கு அடியில குளிர்காலம் முழுக்கக் கிடந்து, வசந்தத்துல மறுபடி கிளம்பும். ஆள் வெட்டின வடிகாலால பீட் காய்ஞ்சிருந்தா, அந்த வடிகாலை அடைச்சு நீர்மட்டத்தை ஏத்தணும்.

சேலம் மணி: ஊர்களைச் சுத்தி ஸ்புரூஸைக் குறைச்சு ஆஸ்பென்ங்கிற அகன்ற இலை மரத்தை வளர விடலாம் சார். இலை ஈரம், தீ வேகம் தணியும். ஆனா இலை துளிர்க்குறதுக்கு முன்னாடி வர்ற வசந்தகாலத் தீயில இது பெருசா உதவாது.

காட்டுப்பூச்சி: கொள்கையிலயும் ஓட்டை இருக்கு. கனடா தன் பசுங்குடில் வாயு உமிழ்வுக் கணக்குல காட்டுத்தீப் புகையை இயற்கைச் சேதம்னு தனியா ஒதுக்கிடுது. கணக்குல வராததுக்கு யார் பணம் ஒதுக்குவாங்க?